நடுராத்திரி மின்வெட்டுக்கு ஒரு கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் கோயில் கமிட்டியில் ஓர் அங்கிள் இருக்கிறார். சாட்ஸ்வர்த்காரர், ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "சாயங்காலம் வீட்டுக்கு வீடு அடுப்பு எரியுற நேரம் நிறுத்துறாங்க, சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஊரே தூங்குது. அப்ப எதுக்குத் தம்பி நிறுத்துறாங்க?"

நியாயமான கேள்விதான். அந்த ஆண்டின் அட்டவணைகளில் மாலை 4 மணி முதல் மறுநாள் காலை 5 மணி வரை ஒரே ஸ்டேஜ் (எவ்வளவு மின்சாரம் வெட்டப்படுகிறது என்பதன் படி) என்று அடிக்கடி வரும். நீரேற்று அணைகளை (தண்ணீரை மேலே பம்ப் செய்து வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் அணைகள்) நிரப்ப வேண்டும், டீசல் இருப்பைக் கூட்ட வேண்டும் என்று அறிவிப்பில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைக் கணக்காக எழுதினால் என்ன வரும் என்று பார்க்கத் தொடங்கியதுதான் இந்த வேலை. அனல் நிலையங்களையும் நீர் நிலையங்களையும் சேர்த்துத் திட்டமிடும் முறைகளைப் பற்றிப் படித்திருந்தேனே தவிர, ஒன்றையும் கையால் செய்து பார்த்ததில்லை. ஒரு மடிக்கணினி, பைத்தான், இலவசமாகக் கிடைக்கும் ஹைஸ் என்ற சால்வர் (கட்டுப்பாடுகளுக்குள் மிக மலிவான விடையைத் தேடித் தரும் மென்பொருள்), இவ்வளவுதான் முதலீடு.

முதலில் இயந்திரங்கள். கோவைப் பக்கத்துக்காரர்களுக்கு ஆனைமலையில் உள்ள கடம்பாறை நீரேற்று மின் நிலையம் தெரிந்திருக்கும், 400 மெகாவாட். அதே இனத்தில் இங்குள்ள அரசு மின் நிறுவனமான எஸ்காமிடம் மூன்று இருக்கின்றன: இங்குலா 1,332 மெகாவாட், டிராகன்ஸ்பர்க் 1,000, கேப் பக்கத்தில் பால்மியட் 400. இங்குலாவில் மேலே பெட்ஃபோர்ட் அணை, கீழே பிராம்ஹூக் அணை, இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 480 மீட்டர் உயரம். ஒரே இயந்திரம் ஒரு பக்கம் சுழன்றால் டர்பைன், மறுபக்கம் சுழன்றால் பம்ப். மேல் அணை நிறைந்திருந்தால் சுமார் 21,000 மெகாவாட் மணி கிடைக்கும் (ஒரு மெகாவாட் மணி ஆயிரம் யூனிட்). நான்கு இயந்திரங்களையும் முழுதாக ஓட்டினால் 15.8 மணி நேரம்.

எதையும் நிரலில் போடுவதற்கு முன் எண்ணைத் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு கன மீட்டர் தண்ணீர் 480 மீட்டர் இறங்கினால் 1.3 யூனிட் ஆற்றல். இயந்திரத்தில் பத்தில் ஒரு பங்கு போனால் 1.18 யூனிட். 21,000 மெகாவாட் மணியை அதால் வகுத்தால் 1.8 கோடி கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. மலை மேல் இருக்கும் ஓர் அணைக்கு ஏற்ற அளவுதான். சரி, மேலே போகலாம்.

மணிக்கு ஒரு வரியாக எழுதினால் என் கணித மாதிரியின் உயிர்நாடி இதுதான்:

மேல் அணை (அடுத்த மணி) = மேல் அணை (இந்த மணி) + 0.75 × பம்ப் − உற்பத்தி

நிலக்கரி + டீசல் + உற்பத்தி + வெட்டு = தேவை + பம்ப்

அந்த 0.75 நான் வைத்துக்கொண்ட எண். நூறு யூனிட் செலவழித்து ஏற்றினால் எழுபத்தைந்து திரும்பி வரும் என்று பொருள். இந்த வகை நிலையங்களுக்குப் பொருந்தக்கூடியதுதான். நோக்கம், மொத்தச் செலவைக் குறைப்பது. நிலக்கரி யூனிட்டுக்கு 50 சென்ட், டீசல் 6 ரேண்ட் என்று எடுத்துக்கொண்டேன். இவையும் என் எண்கள்தான், யாருடைய கணக்குப் புத்தகத்திலிருந்தும் எடுத்தவை அல்ல. பம்பும் டர்பைனும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது என்று தனியாகக் கட்டுப்பாடு போட வேண்டுமா என்று பலர் குழம்புவார்கள். பெரும்பாலும் வேண்டாம். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் கால் பங்கு வீண் என்பதால் சால்வர் தானாகவே அந்தப் பக்கம் போகாது. சூரிய ஒளி மின்சாரம் மிஞ்சி, விலை சுழிக்குக் கீழே போகும் ஊர்களில்தான் இதற்குக் காவல் போட வேண்டும்.

வெட்டுக்கு என்ன விலை போடுவது? இங்கேதான் அங்கிளின் கேள்விக்குப் பதில் ஒளிந்திருந்தது.

சிறிய கணக்கு ஒன்று வைத்துக்கொண்டேன். மாலை நான்கு மணி நேரம் 5,000 மெகாவாட் பற்றாக்குறை. இங்கே ஒரு ஸ்டேஜ் என்றால் 1,000 மெகாவாட், ஆக ஸ்டேஜ் 5. இரவு ஆறு மணி நேரம் தேவையும் இருப்பும் சரிக்குச் சரி, மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. மேல் அணை காலி. வெட்டப்படும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரே விலை என்று போட்டு ஓட்டினால், சால்வர் இரவில் ஒரு மெகாவாட்டைக் கூட வெட்டாது. காரணம் வெளிப்படை: இரவில் வெட்டி ஏற்றினால் கால் பங்கு தொலைந்துபோகும், மொத்த இருட்டு கூடத்தான் செய்யும். ஒரே விலையை யூனிட்டுக்கு 20 ரேண்ட் என்று போட்டாலும் 200 என்று போட்டாலும் விடை மாறாது. இந்தக் கணக்குப்படி பார்த்தால் அங்கிள் சொல்வதே சரி, நடுராத்திரி வெட்டு அநியாயம்.

ஆனால் ஊரில் இருட்டு அப்படிச் சீராக வலிப்பதில்லை. ஸ்டேஜ் 1இல் ஒரு வட்டாரத்துக்கு எப்போதாவது ஒரு முறை போகும். ஸ்டேஜ் 5, 6க்கு வந்தால் போன கரண்ட் திரும்பி வந்து செல்போன் கோபுர பேட்டரி சார்ஜ் ஏறுவதற்குள் மறுபடி போய்விடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததும் கெடும், கழிவுநீர் பம்பும் நிற்கும். ஐந்தாவது ஆயிரம் மெகாவாட் முதல் ஆயிரத்தைவிட வலி கூடியது. அதனால் படிப்படியாக ஏறும் விலை போட்டேன்: முதல் 1,000 மெகாவாட்டுக்கு யூனிட் 20 ரேண்ட், அடுத்ததற்கு 24, அப்புறம் 29, 35, 42. ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூட. ஏறும் படிகளாக இருப்பதால் நேரியல் நிரலாக்கத்துக்குள்ளேயே (எல்லாமே நேர்கோட்டுச் சமன்பாடுகளாக இருக்கும் கணக்கு முறை) அடங்கிவிடுகிறது. மலிவான படியைத்தான் சால்வர் முதலில் நிரப்பும்.

விடை அடியோடு மாறியது. இரவில் ஏறத்தாழ 1,778 மெகாவாட் வெட்டு, மாலையில் சரியாக 3,000. கையால் சரிபார்க்கலாம்: 1,778ஐ ஆறு மணி நேரம் ஏற்றினால் 10,667 மெகாவாட் மணி, அதில் முக்கால் பங்கு 8,000, நான்கு மணிக்குப் பிரித்தால் மாலைக்கு 2,000 மெகாவாட். ஸ்டேஜ் 5 மூன்றாக இறங்கிவிட்டது. மொத்த இருட்டு 20,000 மெகாவாட் மணியிலிருந்து 22,667 ஆகக் கூடியிருக்கிறது. வலியின் விலையோ 60 கோடி ரேண்டிலிருந்து 52.4 கோடியாகக் குறைந்திருக்கிறது. அட்டவணையில் ஸ்டேஜ் காலை ஐந்து மணி வரை நீளுவதன் காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் பெரிய மாலைவெட்டு காத்திருந்தால், சிறிய இரவுவெட்டு லாபம். எப்போது லாபம் என்பதற்கும் விதி எளிது: மாலைப் படியின் விலை இரவுப் படியின் விலையைப் போல மூன்றில் நான்கு (4/3) மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். 0.75ஐத் தலைகீழாக்கினால் வருவது அதுதான்.

விடையைவிட எனக்குப் பிடித்தது விடையின் கூடவே வரும் நிழல் விலை. ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் சால்வர் ஓர் எண் கொடுக்கும். அணைச் சமன்பாட்டின் எண், மேல் அணையில் இன்னும் ஒரு மெகாவாட் மணி இருந்தால் செலவு எவ்வளவு குறையும் என்று சொல்கிறது. துறைக்காரர்கள் இதை நீரின் மதிப்பு என்கிறார்கள். என் கணக்கில் வந்தது யூனிட்டுக்கு 32 ரேண்ட். கூட்டலா கழித்தலா என்பது சால்வருக்குச் சால்வர் மாறும் என்பதால் இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஆரம்ப நீரை ஒரே ஒரு மெகாவாட் மணி கூட்டி மறுபடி ஓட்டினேன். செலவு மிகச் சரியாக 32,000 ரேண்ட் குறைந்தது. இரவில் 1.33 மெகாவாட் மணி குறைவாக வெட்டினால் போதும், அந்தப் படியின் விலை 24, பெருக்கினால் 32. காகிதமும் கணினியும் ஒத்துப்போயின.

இதைத் தண்ணீருக்கு மாற்றிப் பாருங்கள். வெட்டு நாளில் பெட்ஃபோர்ட் அணையில் ஒரு கன மீட்டர் சுமார் 38 ரேண்ட். இரவில் நிலக்கரி மிஞ்சும் சாதாரண நாளில் அதே கன மீட்டர் 79 சென்ட். பம்புகள் முழு வேகத்தில் ஓடியும் மாலையில் டீசலை நிறுத்த முடியாத நாளில் 7 ரேண்ட் சொச்சம். வானம் இலவசமாகக் கொடுத்த தண்ணீருக்கு நிரந்தர விலை என்று ஒன்று கிடையாது. நாளை அது எதைத் தவிர்க்கப்போகிறதோ அதன் விலைதான் இன்று அதன் விலை. இந்தத் துறையின் முறைகள் எல்லாமே, எவ்வளவு பெரிய பெயரில் வந்தாலும், இந்த ஓர் எண்ணைத் தேடும் வழிகள்தான் என்பது என் கட்சி. பிரான்சில் பியர் மாஸே என்ற பொறியாளர் 1946லேயே இந்த இடத்துக்கு வந்துவிட்டார், கணினியே இல்லாமல்.

அடுத்து ஒரு வாரத்தை 168 மணிகளாக விரித்தேன். இதில் எல்லோரும் சந்திக்கும் ஒரு குணம் உண்டு, வேண்டுமென்றே அதை வரவழைத்துப் பார்ப்பது நல்லது. ஞாயிறு நள்ளிரவுக்கு அப்புறம் உலகம் இல்லை என்றால், சால்வர் ஞாயிறு இரவுக்குள் மேல் அணையைத் துடைத்து வைத்துவிடும். அதற்கு மிச்சத் தண்ணீரின் மதிப்பு சுழி. தீர்வு இரண்டு. வாரக் கடைசி மட்டமும் வார முதல் மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டிப்போடலாம். அல்லது மிஞ்சும் தண்ணீருக்கு ஒரு விலை கொடுக்கலாம். முதலாவதைப் போட்டதும் அழகான ஒரு வடிவம் வந்தது: சனி, ஞாயிறில் அணை மேலேறுகிறது, திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் இறங்கி, இரவில் முழுதாக மீளாமல், படிக்கட்டு போலக் கீழே வருகிறது. வார இறுதியில் ஆலைகள் ஓய்வெடுப்பதால் பம்புக்கு மலிவான மின்சாரம். டிராகன்ஸ்பர்க் நிலையத்தை வாரச் சுழற்சியில் ஓட்டுவதற்குப் பின்னால் இருப்பதும் இதே தர்க்கம். அந்த நிலையத்துக்கு மாதிரியில் இன்னொரு சுமையும் ஏற்ற வேண்டும். துகேலா ஆற்று நீரை மலைக்கு அந்தப் பக்கம் வால் ஆற்றுப் படுகைக்கு அனுப்பும் வேலையும் அதனுடையது. இறங்குவதைவிட ஏறுவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

டீசலையும் இப்படியே எழுதினேன். அட்லாண்டிஸில் உள்ள ஆங்கர்லிக் 1,338 மெகாவாட், மோசல் பேயில் உள்ள கூரிக்வா 746. காகிதத்தில் எப்போது வேண்டுமானாலும் ஓடும் இயந்திரங்கள். உண்மையில் தொட்டியில் உள்ளவரைதான் ஓடும், லாரி வந்தால்தான் நிறையும். தொட்டிக்கு ஒரு சமன்பாடு, லாரி வரத்துக்கு ஒரு வரத்து எண். அப்படிப் போட்டதும் டீசலின் நிழல் விலை வாங்கும் விலையைத் தாண்டி வெட்டின் விலைக்கே ஏறிவிட்டது. கூடவே இன்னொன்றும் நடந்தது: தொட்டியில் டீசல் மிஞ்சிய நாள்களில், வெட்டே இல்லாத பிற்பகல் நேரத்திலும் மாதிரி டீசலை எரித்துத் தண்ணீர் ஏற்றியது. முதல் பார்வைக்குப் பைத்தியக்காரத்தனம். 6 ரேண்டை 0.75ஆல் வகுத்தால் 8 ரேண்ட், ஸ்டேஜ் 1 வெட்டின் விலையோ 20. எரிப்பதுதான் சரி.

இதுவரை எல்லாம் தெரிந்த தேவை, தெரிந்த இருப்பு. மழை உள்ளே வந்ததும் ஆட்டம் வேறு. அதற்கு ஆரஞ்சு ஆற்றுக்குப் போனேன். அங்கே காரிப் அணை, நாட்டிலேயே பெரியது, 90 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள். ஆற்றின் கீழே வாண்டர்க்ளூஃப், 120 வீதம் இரண்டு. லெசோதோ மலைகளில் கோடையில் பெய்வது இங்கே வந்து சேர்கிறது. நம் ஊர் மேட்டூர் போல, இந்தத் தண்ணீரும் மின்சாரத்துக்காக மட்டும் நிற்பதில்லை. பாசனத்துக்கு விட வேண்டிய குறைந்தபட்சம் உண்டு. காரிப்பிலிருந்து 82 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஆரஞ்சு–ஃபிஷ் சுரங்கம் வழியாகக் கிழக்கு கேப்புக்கும் போகிறது. இந்தக் கட்டுப்பாடுகளைப் போட்ட பிறகு பார்த்தால், மாதத்துக்கு எவ்வளவு விடுவது என்பதில் மின்காரருக்குச் சுதந்திரம் கொஞ்சம்தான். எந்த மணியில் விடுவது என்பதில்தான் நிறைய. நீர் மதிப்பை மாதக்கணக்கில் தேடும் முறைகள் பிரேசிலுக்குப் பொருந்துமளவு இங்கே பொருந்தாது. தெரிந்தேதான் செய்தேன், கற்றுக்கொள்ளும் ஆசையில்.

பழைய வழி, கணிதவியலாளர் பெல்மனின் இயங்கு நிரலாக்கம். ஒவ்வோர் அணை மட்டத்தையும் 50 துண்டாக வெட்டி, வருடக் கடைசியிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு துண்டிலிருந்தும் எது மலிவு என்று பார்த்துக்கொண்டே வருவது. இரண்டு அணைக்கு 2,500 நிலைகள். போன மாத வரத்து நிறையவா குறைவா என்பதைப் பத்து வகையாகச் சேர்த்தால் 25,000. ஒவ்வொன்றிலும் இந்த மாத வரத்துக்குப் பத்துச் சாத்தியம், பன்னிரண்டு மாதம்: முப்பது லட்சம் சிறு கணக்குகள். ஓடும், இரவு முழுக்க விட்டால். மூன்றாவது அணை என்றால் இதையும் ஐம்பதால் பெருக்க வேண்டும். அங்கே நிறுத்திவிட வேண்டியதுதான்.

பெரேரா, பின்டோ என்ற இரு ஆய்வாளர்கள் பிரேசில் நாட்டுப் பின்னணியில் 1991இல் வெளியிட்ட முறை இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. எல்லாத் துண்டுகளையும் பார்க்காதே, போகக்கூடிய இடங்களை மட்டும் பார் என்பது அதன் சாரம். முன்னோக்கி ஒரு தடவை: குலுக்கல் முறையில் மழையை எடுத்து வருடத்தை ஓட்டி, அணை எந்தெந்த மட்டங்களைத் தொடுகிறது என்று குறித்துக்கொள்வது. பின்னோக்கி ஒரு தடவை: குறித்த மட்டங்களில் மட்டும் அடுத்த மாதக் கணக்கைத் தீர்த்து, செலவையும் நிழல் விலையையும் எடுத்து ஒரு நேர்கோடாக்கி முந்தைய மாதத்துக்குக் கொடுப்பது. உதாரணமாக, அணையில் 200 கோடி கன மீட்டர் இருக்கும்போது எதிர்காலச் செலவு 90 கோடி ரேண்ட், நிழல் விலை கன மீட்டருக்கு 0.40 ரேண்ட் என்றால், கோடி கணக்கில் வரி இப்படி:

எதிர்காலச் செலவு ≥ 90 − 0.40 × (அணை நீர் − 200)

இதற்கு வெட்டு என்று பெயர் (மின்வெட்டு அல்ல, குழம்ப வேண்டாம்). உண்மையான செலவுக் கோடு கிண்ணம் போல வளைந்தது. அதன் அடியில் இப்படித் தொடுகோடுகளை ஒவ்வொன்றாக முட்டுக் கொடுத்துக்கொண்டே போனால் கிண்ணத்தின் வடிவம் தெரிந்துவிடும். ஜூலியா என்ற நிரல் மொழியில் இதற்கென்றே நல்ல இலவசத் தொகுப்பு இருக்கிறது. இருந்தாலும் ஒரு அணைக்கு முதலில் கையால் எழுதிவிட்டு அப்புறம் தொகுப்புக்குப் போவதே நல்லது என்பேன். வெட்டில் கூட்டல் கழித்தல் குறி புரிந்திருந்தால்தான் தொகுப்பு தரும் எண்களைப் படிக்க முடியும். திரையில் இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும். வெட்டுகள் தரும் செலவின் கீழ் எல்லை முதல் சில பத்துச் சுற்றுகளில் விறுவிறுவென்று ஏறி, பிறகு நகரவே நகராது. குலுக்கல் ஓட்டங்களின் சராசரிச் செலவு அதைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கும். இரண்டும் நெருங்கினால் நிறுத்தலாம். அலகுகளில் ஒரு எச்சரிக்கை: தண்ணீரைக் கன மீட்டரிலும் பணத்தை ரேண்டிலும் வைத்தால் ஒரே கணக்கில் கோடியும் பைசாவும் சந்தித்து, சால்வர் தடுமாறும். கோடி கன மீட்டர், கோடி ரேண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடையில் காரிப் நீரின் மதிப்பு வாண்டர்க்ளூஃப் நீரின் மதிப்பைவிட உயரத்திலேயே இருந்தது. அதே தண்ணீர் கீழே இன்னொரு டர்பைனையும் சுற்றப்போகிறதே. கீழ் அணை தளும்பும் மாதங்களில் மட்டும் கீழே மதிப்பு சுழியாகி, மேலே தன் சொந்த டர்பைனின் பங்கு மட்டும் மிஞ்சியது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் கணக்கு இதைக் கண்டுபிடித்துக்கொண்டதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு குறையும் உண்டு. சராசரிச் செலவைக் குறைக்கச் சொன்னால், மழை பொய்க்கும் வருடத்தில் அணை வறண்டு போவதைப் பற்றி மாதிரி பெரிதாகக் கவலைப்படாது. நூறில் ஐந்து முறை என்றால் அதற்கு ஐந்து பங்குதான். பிரேசிலில் 2001 ஜூன் முதல் 2002 பிப்ரவரி வரை மின்சாரப் பங்கீடு வந்த அனுபவம் இருக்கிறது. 2013இல் அவர்கள் தங்கள் அதிகாரபூர்வ மாதிரிகளில், மோசமான ஓட்டங்களுக்குக் கூடுதல் எடை கொடுக்கும் முறையைச் சேர்த்தார்கள். நானும் அதே எடையைச் சேர்த்தேன். கோடை முடிவில் காரிப்பில் நிறுத்திவைக்கும் நீர் கூடியது, சராசரிச் செலவும் கொஞ்சம் கூடியது, வறண்ட வருடங்களின் மிக மோசமான செலவுகள் குறைந்தன. எவ்வளவு எடை என்பதற்குக் கணிதத்தில் பதில் இல்லை. அது வெட்டுப்படுகிறவர்களிடம் கேட்க வேண்டிய எண்.

2024 மார்ச் 26க்குப் பிறகு பத்து மாதம் போல வெட்டே இல்லாமல் போய், 2025 ஜனவரி கடைசி நாளில் மறுபடி ஒரு சுற்று வந்தபோது, அங்கிளுக்கு அந்த ஸ்டேஜ் 5, ஸ்டேஜ் 3 கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். மூன்றில் நான்கு மடங்கு என்பதை உடனே பிடித்துக்கொண்டார். "சரி தம்பி, அந்த இருபது, இருபத்துநாலு யாரு போட்ட விலை?" என்றார். நான்தான் என்றேன். அவர் பேனாவை வாங்கி, ராத்திரி வேலைக்குப் போகிறவர்களையும் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கும் வீடுகளையும் கணக்கில் எடுத்தால் ராத்திரியின் முதல் படி 30 என்று திருத்தினார். ஓட்டிப் பார்த்தேன். 30ஐ 0.75ஆல் வகுத்தால் 40, மாலையின் ஐந்தாம் படி 42. இரவுவெட்டு 889 மெகாவாட்டாகச் சுருங்கி, மாலை ஸ்டேஜ் 4இல் நின்றுவிட்டது.